மேம்படுத்திய பிறகு நிரல்கள் கிராஷ் ஆனால் மேம்படுத்தல்தான் காரணமா?

கேள்வி, 12 செப்டம்பர் 2025

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பில் ஒன்றரை வருடம் ஒரு தொல்லையும் இல்லை. போன வாரம் 13-க்கு மாறினேன். அன்றிலிருந்து பெரிய கோப்பு எதையாவது பிரித்தால் உலாவி சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்கிறது. சில நேரம் கோப்பைப் பிரிக்கும் நிரலே மூடிக்கொள்கிறது. திரையில் பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. முன்பு ஓடியது, மேம்படுத்திய பிறகு ஓடவில்லை. அப்படியென்றால் மேம்படுத்தல்தானே காரணம்? 12-க்கே திரும்பிவிடலாமா?

பதில், 12 செப்டம்பர், இரவு

மேம்படுத்தல்தான். எனக்கும் இதே கதை. 13 வெளியானது ஆகஸ்ட் 9. இரண்டு வாரம் பொறுத்திருந்து, மாதக் கடைசியில் மாறினேன். இப்போது புகைப்படம் திருத்தும் நிரல் திறந்த வேகத்தில் சாகிறது. உலாவியில் நாளுக்கு ஒரு தத்தலாவது (டேப்) இறந்துபோகிறது.

ஆனால் 12-க்கு இறங்க முயலாதீர்கள். டெபியனில் பின்னோக்கிப் போக ஆதரிக்கப்பட்ட வழி கிடையாது. பொதிகளோடு (நிரல்களை நிறுவத் தரும் கோப்புக் கட்டுகள்) வரும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் பழையதிலிருந்து புதியதற்குப் போவதை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. களஞ்சியப் பட்டியலில் பெயரை மாற்றிவிட்டு ஆப்டிடம் (பொதிகளை நிறுவும் கருவி) இறங்கச் சொன்னால் பாதி பழையது, பாதி புதியது என்று ஒரு கலவைதான் மிஞ்சும். முழு வட்டுக்கும் காப்பு இருந்தால் அதை மீட்டெடுக்கலாம். இல்லையென்றால் 12-ஐப் புதிதாக நிறுவ வேண்டும். வேறு வழி இல்லை.

இருங்கள், நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடிப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

13 செப்டம்பர்

பிழைச் செய்தி வரவில்லை என்கிறீர்கள். திரையில் வராது, பதிவில் இருக்கும். முனையத்தில் ஜர்னல்சிடிஎல் கட்டளையை மைனஸ் பி, மைனஸ் கே என்ற இரண்டு தெரிவுகளோடு ஓட்டுங்கள். இந்த முறை கணினி தொடங்கியதிலிருந்து கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொன்னதெல்லாம் வரும். நிரல் செத்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு எளிய வழி: நிரலை மெனுவிலிருந்து திறக்காமல் முனையத்திலிருந்து திறந்து, அது செத்ததும் டாலர் குறியும் கேள்விக் குறியும் சேர்ந்த மாறியை எக்கோ செய்யுங்கள். ஓர் எண் வரும். 128-ஐக் கழித்தால் மிஞ்சுவது சிக்னல் எண், அதாவது நிரலை நிறுத்திய அறிவிப்பின் எண். 139 வந்தால் 11, அதாவது தனக்குச் சொந்தமில்லாத நினைவக முகவரியை நிரல் தொட்டுவிட்டது. 134 என்றால் 6, உள்ளே ஏதோ தப்பு என்று உணர்ந்து நிரலே தன்னை நிறுத்திக்கொண்டது. 137 என்றால் 9, வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் ரேம் தீர்ந்துபோய்க் கர்னல் கொன்றிருக்கும்.

மூன்றும் வேறு வேறு நோய். நம் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: சாளரம் மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு எந்த எண் வருகிறது என்று சொல்லுங்கள். எனக்கு 139.

13 செப்டம்பர், பிற்பகல்

உலாவியைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பார்க்கப் போகிறேன். முழு அமைப்பையும் இறக்குவது தவறு என்றேன், ஆனால் ஒரே ஒரு பொதியை, அது சார்ந்திருப்பவை ஒத்துப்போனால், இறக்கலாம். பழைய பொதிக் கோப்பு வார், கேஷ், ஆப்ட், ஆர்க்கைவ்ஸ் என்ற அடைவில் இருக்கும்.

13 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

இல்லை. அடைவு காலி. ஆப்ட் 1.2-லிருந்து, வெறுமனே ஆப்ட் என்று அடித்து நிறுவினால், வேலை முடிந்ததும் தரவிறக்கிய கோப்புகளை அதுவே அழித்துவிடுகிறது. ஆப்ட்-கெட் என்று அடித்தால்தான் விட்டுவைக்கும். பல வருடங்களாக ஆப்ட்-கெட் பழக்கத்தில் இருந்தவன், எப்போது மாறினேன் என்றே நினைவில்லை.

சரி, டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் எந்தத் தேதியின் பொதியும் கிடைக்கும். அங்கிருந்து எடுத்து நிறுவினேன். அடுத்த மேம்படுத்தலில் மறுபடி ஏறிவிடாமல் இருக்க ஆப்ட்-மார்க் ஹோல்டு (பொதியைப் பதிப்பு மாறாமல் நிறுத்திவைக்கும் கட்டளை) போட்டுவிட்டேன்.

16 செப்டம்பர்

புகைப்பட நிரலின் புதிர் விடுபட்டது. இதை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே பள்ளத்தில் பலர் விழுந்திருப்பார்கள்.

சிஸ்டம்டி-கோர்டம்ப் பொதியை நிறுவினேன். டெபியனில் அது தானாக வருவதில்லை. நிறுவிய பிறகு எந்த நிரல் செத்தாலும் அந்த நொடியில் அதன் நினைவகம் எப்படி இருந்தது என்று ஒரு படம் சேமிக்கப்படும். கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட் என்றால் பட்டியல், இன்ஃபோ என்றால் விவரம். அந்தப் படத்தை ஜிடிபி என்ற பிழைநீக்கியில் திறந்தால் இணையத்திலிருந்து பிழைநீக்கக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் வரிக்கு வரி கேள்விக் குறியாகத்தான் தெரியும்.

ஐந்து முறை நிரலைத் திறந்தேன், ஐந்து முறையும் செத்தது. ஐந்து முறையும் ஒரே செயற்கூற்றில், ஒரே வரியில். ஹெய்க் வகைப் படங்களைப் படிக்கும் நூலகத்துக்குள் (நூலகம் என்பது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு). அந்த நூலகத்தின் பாதையைப் பார்த்ததும்தான் உறைத்தது: அது யூஎஸ்ஆர், லோக்கல், லிப் என்ற அடைவிலிருந்து வருகிறது. டெபியன் தன் நூலகங்களை அங்கே வைப்பதே இல்லை. சில வருடங்களுக்கு முன் கைப்பேசிப் படங்களைத் திறப்பதற்காக நானே மூல நிரலிலிருந்து தொகுத்து அங்கே போட்டது.

நிரல்கள் நூலகம் தேடும்போது டெபியனில் அந்த லோக்கல் அடைவுக்குத்தான் முதல் இடம். அமைப்போடு வந்த புதிய நூலகம் பின்னால் நிற்கிறது. இரண்டுக்கும் கோப்புப் பெயர் ஒன்று, பெரும் பதிப்பு எண்ணும் ஒன்று. புதிய நிரல் புதிய நூலகத்தின் தலைப்புக் கோப்புகளை வைத்துத் தொகுக்கப்பட்டது. ஓடும்போது கையில் கிடைப்பதோ பழையது. முன்பு பழைய நிரலும் பழைய நூலகமும் ஒத்துப்போயின, அதனால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

நிரல் எந்த நூலகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று பார்க்க எல்டிடி கட்டளை போதும். வரும் பட்டியலில் லோக்கல் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நான் அந்தப் பழைய கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டினேன். நிரல் உடனே திறந்தது. அப்புறம் ஒரு முறைகூடச் சாகவில்லை.

ஆக இதில் மேம்படுத்தலுக்கும் பங்கு இருக்கிறது, நான் விட்டுவைத்த பழைய கோப்புக்கும் பங்கு இருக்கிறது.

16 செப்டம்பர், இரவு

கர்னல் பதிவைப் படிப்பது பற்றி ஒன்று. செக்ஃபால்ட் (மேலே சொன்ன சிக்னல் 11) என்ற சொல் உள்ள வரியின் பிற்பகுதியில் ஒரு நூலகத்தின் பெயர் வரும். அதுதான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். யாரோ கொடுத்த கெட்ட முகவரியை வாங்கிக்கொண்டு வேலை செய்யப்போய்ச் செத்த அப்பாவியாகவும் இருக்கலாம். சி நூலகத்தின் பெயர் அடிக்கடி வருவது அதனால்தான். எல்லோரும் அதைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டது யார் என்று, ஒன்றையொன்று கூப்பிட்ட செயற்கூறுகளின் அடுக்கில் மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

அதே வரியில் எர்ரர் என்று ஓர் எண் இருக்கும். 4 என்றால் இல்லாத நினைவகப் பக்கத்தைப் படிக்கப் போனது, 6 என்றால் இல்லாத பக்கத்தில் எழுதப் போனது.

18 செப்டம்பர்

நீங்கள் அனுப்பிய பதிவு வரிகளைப் பார்த்தேன். உங்களுக்கு வருவது 137. பதிவிலும் "அவுட் ஆஃப் மெமரி, கில்ட் பிராசஸ்" என்று தெளிவாக இருக்கிறது. உங்கள் உலாவியில் கோளாறு எதுவும் இல்லை. ரேம் தீர்ந்தது. கர்னல் பெரிய ஆளாகப் பார்த்து ஒருவரைக் கொன்றது.

8 ஜிபி ரேம், ஸ்வாப் (ரேம் நிரம்பினால் வட்டில் பயன்படும் இடம்) கிடையாது, 12-இல் இதே வேலையைச் செய்தபோது தீரவில்லை என்கிறீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 13-இல் ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள்: தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இனி வட்டில் இல்லை, ரேமில். டெம்ப்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. ரேமில் பாதி வரை அது வளரலாம். மேம்படுத்தியவர்களுக்கும் அடுத்த மறுதொடக்கத்திலிருந்து இது பொருந்தும். டெம்புக்கெனத் தனிப் பகிர்வு வைத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. நீங்கள் பெரிய கோப்பைப் பிரிக்கும்போது பிரிக்கும் நிரல் அதை டெம்பில் கொட்டுகிறது. 4 ஜிபி அங்கே போய்விடுகிறது. மீதி 4-இல் திரைச்சூழல், உலாவி, எல்லாம். தாங்காது.

பழையபடி வட்டிலேயே வேண்டுமென்றால் சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கட்டளையை டெம்ப்.மவுண்ட் என்ற அலகுக்குப் போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். இது டெபியனின் வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லப்பட்டிருக்கும் வழி. இன்னொன்று, மாறுவதற்கு முன் டெம்பில் கிடந்த பழைய கோப்புகள் அழியவில்லை. மேலே டெம்ப்எஃப்எஸ் வந்து உட்கார்ந்ததால் மறைந்திருக்கின்றன. வட்டில் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் விஷயத்தில் முதல் நாள் நான் சொன்னது சரிதான், மேம்படுத்தல்தான் காரணம். ஆனால் எதுவும் உடைந்துபோகவில்லை. ஓர் இயல்பிருப்பு மாறியிருக்கிறது.

21 செப்டம்பர்

என் உலாவி இன்னும் சாகிறது. பழைய பதிப்பிலும்.

இதைப் பற்றி நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். புதிய பதிப்பில் செத்தது, சரி. மேம்படுத்துவதற்கு முன் மாதக்கணக்கில் ஓடிய அதே பதிப்பை எடுத்துப் போட்டும் சாகிறது என்றால் உலாவியின் பதிப்பு காரணமில்லை. அதன் கீழே ஏதோ இருக்கிறது. நூலகமா, கர்னலா, கிராபிக்ஸ் இயக்கியா?

கோர்டம்ப் பட்டியலில் இந்த வாரம் பதினொரு வரி. ஏழு உலாவி. இரண்டு கோப்பு மேலாளி. ஒன்று பின்னணியில் படங்களுக்குச் சிறுபடம் செய்யும் நிரல். ஒன்று பைத்தான். பைத்தானே சாவதை நான் பார்த்ததே இல்லை.

22 செப்டம்பர்

ஏழு உலாவி கிராஷையும் ஒவ்வொன்றாக ஜிடிபியில் திறந்தேன். ஏழும் ஏழு இடம். ஒன்று எழுத்துருவை வரையும்போது, ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் குப்பை சேகரிக்கும்போது, ஒன்று ஒலிக்குள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை.

புகைப்பட நிரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஐந்து முறையும் ஒரே வரியில் செத்தது. நிரலில் பிழை இருந்தாலும், நூலகம் பொருந்தாவிட்டாலும் அப்படித்தான் ஆகும். அதே வேலையைச் செய்தால் அதே இடத்தில் விழும். உலாவி அப்படி விழவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவரைப் போல இடம் மாறி மாறி இடறுகிறது.

22 செப்டம்பர், இரவு

ஒரு சோதனை. ஒரு பெரிய மூல நிரலை எடுத்து ஜிசிசி என்ற தொகுப்பியில் தொகுத்தேன். பத்தாவது நிமிடத்தில் தொகுப்பியின் உள்பிழை, செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நின்றது. எதையும் மாற்றாமல் மறுபடி மேக் என்ற தொகுப்புக் கட்டளையை அடித்தேன். அந்தக் கோப்பைத் தாண்டிப் போய் வேறு கோப்பில் நின்றது. மூன்றாம் முறை முழுதாக முடிந்தது.

1990-களில் கர்னலைத் தாங்களே தொகுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த அறிகுறி. ஜிசிசி சிக்னல் 11-இல் செத்து, மறுபடி ஓட்டினால் வேறிடத்தில் சாகிறதென்றால் ஜிசிசியைக் குறை சொல்லாதே, வன்பொருளைப் பார் என்பார்கள். மென்பொருள் பிழை அப்படி இடம் மாறாது.

ரேமா? ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டர் நிரலை ஓட்டினேன். 4 ஜிபி, மூன்று சுற்று. எல்லாம் சரி என்றது. நிம்மதியாகத் தூங்கப் போகிறேன், நாளை கிராபிக்ஸ் இயக்கியைப் பார்க்கலாம்.

24 செப்டம்பர்

தூக்கம் வரவில்லை. ஒரு கேள்வி கேட்க மறந்திருந்தேன்: மேம்படுத்துவதற்கு முன் எப்படி இருந்தது? நன்றாக இருந்தது என்று நினைவு சொல்கிறது. ஆனால் நினைவை மட்டும் நம்ப வேண்டியதில்லையே, ஜர்னல் பழைய பதிவுகளை வட்டில் வைத்திருக்கிறது. ஜர்னல்சிடிஎல்-இல் மைனஸ் ஜி தெரிவோடு செக்ஃபால்ட் என்ற சொல்லைத் தேடினேன்.

ஜூனில் ஒன்று. ஜூலையில் இரண்டு. மேம்படுத்தியது ஆகஸ்ட் கடைசியில்.

ஜூலையில் ஒரு நாள் உலாவி மூடிக்கொண்டது இப்போது நினைவுக்கு வருகிறது. ஏதோ வலைப்பக்கம் கெட்டது என்று நினைத்து மறுபடி திறந்துகொண்டேன். அன்று அது கணக்கில் வரவில்லை. மேம்படுத்திய பிறகு நடந்த ஒவ்வொன்றும் கணக்கில் வந்தது, ஏனென்றால் ஏதாவது உடையுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

12-ஆம் தேதி இங்கே முதல் சொல்லாக "மேம்படுத்தல்தான்" என்று எழுதியதை என் கணினியைப் பொறுத்தவரை திரும்பப் பெறுகிறேன். அதைப் படித்துவிட்டு யாராவது அமைப்பை அழித்து மீண்டும் நிறுவியிருந்தால் வருந்துகிறேன்.

24 செப்டம்பர், சிறு குறிப்பு

உலாவிக்கு ஹோல்டு போட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? எடுத்துவிட்டேன். அதைப் பார்த்து நீங்களும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஹோல்டு இருக்கும் வரை பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேராது. உலாவிக்கு அது ஆகவே ஆகாது. எதற்கெல்லாம் ஹோல்டு இருக்கிறது என்பதை ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு சொல்லும். நான் ஓட்டியபோது இரண்டு வருடத்துக்கு முன் போட்டு மறந்த இன்னொன்றும் வந்தது.

26 செப்டம்பர், காலை

ரேம்தான்.

மெம்டெஸ்டர் சரி என்றதை நம்பியிருக்கக் கூடாது. அது சாதாரண நிரலாக ஓடுகிறது. கர்னல் எந்தப் பகுதியைக் கொடுக்கிறதோ அதை மட்டும்தான் சோதிக்கும். கர்னல் தானே பிடித்துவைத்திருப்பதையும் மற்ற நிரல்கள் பிடித்திருப்பதையும் தொட முடியாது. என்னிடம் இருப்பது 16 ஜிபி. நான் கேட்டது 4. கெட்ட இடம் மீதி 12-இல் இருந்திருக்கிறது.

நேற்றிரவு மெம்டெஸ்ட்86+ ஓட்டினேன். இது இயங்குதளம் தொடங்கும் முன்பே தனியாக ஓடுவது. பொதியை நிறுவினால் கணினி தொடங்கும்போது வரும் குரூப் மெனுவில் ஒரு வரியாக வந்துவிடும். 6-ஆம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்தது) கணினிகளிலும் ஓடுகிறது. கையொப்பமில்லாத நிரல்களைத் தொடங்கவிடாத செக்யூர் பூட் இருந்ததால் முதலில் தொடங்க மறுத்தது, அணைத்த பிறகு ஓடியது. முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் ரேம் நல்லது என்று எழுதியிருப்பேன். விடியும்போது எழுந்து பார்த்தால் மூன்றாம் சுற்று, நான்கு சிவப்பு வரிகள். நான்கிலும் எழுதியதற்கும் படித்ததற்கும் ஒரே ஒரு பிட் வித்தியாசம். நான்கு முகவரிகளும் அடுத்தடுத்த இடம்.

ஒரே ஒரு பிட். அதற்காக மூன்று வாரமாக நூலகம் நூலகமாகத் தேடியிருக்கிறேன்.

27 செப்டம்பர்

ரேமின் மேல் பழியைப் போடும் முன் பயாஸில் ஒன்று பார்த்தேன். எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பு இயக்கத்தில் இருந்தது. அது 1.35 வோல்ட்டில் 3200 வேகம் கொடுக்கிறது. அணைத்தால் வழக்கமான 1.2 வோல்ட், 2133. சில நேரம் அணைத்தாலே பிழை போய்விடும், ரேம் நல்லதாகவே இருக்கும். எனக்குப் பிழை குறைந்தது, போகவில்லை.

அப்புறம் இரண்டு 8 ஜிபி ரேம் குச்சிகளையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டினேன். ஒரு குச்சி எந்தத் துளையில் போட்டாலும் பிழை காட்டுகிறது. மற்றது எந்தத் துளையிலும் சுத்தம். துளையில் குறை இல்லை, அந்தக் குச்சியில்தான். குச்சிக்கு ஓர் இரவாக இரண்டு இரவு, துளை மாற்றி மீண்டும் ஓட்டியதற்கு மேலும் இரண்டு. (இந்தப் பத்தியை அக்டோபர் 1 அன்று முடித்தேன்.)

இப்போது 8 ஜிபியில் ஓடுகிறேன்.

4 அக்டோபர்

கேட்கிறீர்கள்: ஜூனிலேயே கெட்டிருந்தால் மேம்படுத்திய பிறகு ஏன் இவ்வளவு அதிகம்?

உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் கதையும் என் கதையும் இங்கே சந்திக்கின்றன என்று நினைக்கிறேன். டெம்ப் ரேமுக்கு வந்துவிட்டது. முன்பு காலியாகவே கிடந்த ரேம் பகுதிகள் இப்போது நிரம்புகின்றன. கெட்ட இடத்தில் யாரும் குடியில்லாதவரை பாதிப்பு இல்லை. இப்போது ஆள் வந்து குடியேறுகிறார்கள்.

5 அக்டோபர்

இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. கெட்ட ரேம் நிரலைக் கொல்வதோடு நிற்காது. வட்டுக்குப் போகும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகத்தான் போகிறது. அந்தக் குச்சியை வைத்துக்கொண்டுதான் முழு அமைப்பையும் மேம்படுத்தினேன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள்.

டெப்சம்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. பொதியோடு வந்த சரிபார்ப்புத் தொகையை வட்டில் இருக்கும் கோப்போடு ஒப்பிடும். கெட்ட குச்சியைக் கழற்றுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டியிருந்தேன், இரண்டு கோப்புகள் பொருந்தவில்லை என்றது. கழற்றிய பிறகு ஓட்டினால் ஒன்றுதான். இன்னொன்று தானாகக் குணமாகிவிட்டது!

நிறைய நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. படித்த கோப்பைக் கர்னல் ரேமில் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை வட்டுக்குப் போகாமல் அங்கிருந்தே கொடுக்க. கெட்டிருந்தது அந்தப் பிரதி. வட்டில் இருந்த கோப்பு நல்லது. மற்றதோ உண்மையாகவே கெட்டு வட்டுக்குப் போய்விட்டது. அதன் பொதியை மட்டும் ரீஇன்ஸ்டால் தெரிவோடு மறுபடி நிறுவினேன்.

யாராவது டெப்சம்ஸ் ஓட்டினால், ரேம் நல்லது என்று தெரிந்த பிறகு ஓட்டுங்கள். அதற்கு முன் வரும் விடை விடையே இல்லை.

11 அக்டோபர்

பொதிகளை மறுபடி நிறுவலாம். படங்களை?

ஜூனிலிருந்து எடுத்த குடும்பப் படங்கள் எல்லாம் இந்தக் கணினி வழியாகத்தான் வட்டுக்கும், அங்கிருந்து வெளி வட்டில் உள்ள காப்புக்கும் போயின. காப்பு எடுப்பது ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி. அது இயல்பாகக் கோப்பின் அளவையும் தேதியையும் மட்டும்தான் பார்க்கும். ஒரு பிட் மாறினால் அளவு மாறாது, தேதியும் மாறாது. இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உள்ளடக்கத்தைப் படித்து ஒப்பிட மைனஸ் சி வேண்டும். எதையும் மாற்றாமல் பட்டியல் மட்டும் காட்ட மைனஸ் என், ஐ இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைனஸ் என் இல்லாமல் ஓட்டிவிடாதீர்கள், எது நல்லது என்று தெரியும் முன் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும்.

நாற்பதாயிரம் கோப்புகளுக்கு மேல், ஓர் இரவு ஓடியது. மூன்று வேறுபட்டன. மூன்றிலும் இரண்டு பிரதிகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு படங்களில் காப்புப் பிரதிதான் கெட்டது, பாதிக்குக் கீழே நிறம் மாறிச் சாம்பல் பட்டையாக இருந்தது. மூலம் நன்றாக இருந்தது. மூன்றாவதில் மூலம் கெட்டுவிட்டது, காப்பு நல்லது. மூன்றையும் மீட்டுவிட்டேன்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் இந்த ஒப்பீட்டில் தெரியாது. கேமராவிலிருந்து வட்டுக்கு வரும்போதே கெட்டு, அப்படியே காப்புக்கும் போயிருந்தால்? அதற்காக ஜூனுக்குப் பின் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாலையில் ஒரு மணி நேரம். அலுக்கவில்லை.

வீட்டுக் கணினிகளில் இசிசி ரேம் (பிட் பிழையைத் தானே கண்டறியும் ரேம்) பொதுவாக இருப்பதில்லை, அதனால் பிட் மாறினால் சொல்ல ஆள் இல்லை. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை தன் சொந்தக் குறிப்புகளுக்குத்தான் சரிபார்ப்புத் தொகை வைக்கிறது, நம் கோப்பின் உள்ளடக்கத்துக்கு இல்லை. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை உள்ளடக்கத்துக்கும் வைக்கிறது. ஆனால் தொகை கணக்கிடும் முன்பே ரேமில் கெட்டிருந்தால் அதுவும் கெட்டதற்குத்தான் கையெழுத்துப் போடும்.

19 அக்டோபர்

கொஞ்சம் திசை மாறி. "மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலாவி திறந்திருந்தது, அதனால் கெட்டிருக்குமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஓடும் நிரலின் கோப்பை டிபிகேஜி (ஆப்டுக்குக் கீழே பொதிகளை நிறுவும் கருவி) அதே இடத்தில் அழித்து எழுதுவதில்லை. புதியதைப் பக்கத்தில் வைத்துப் பெயரை மாற்றுகிறது. ஓடுகிற நிரல் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும், அது மூடும்வரை அந்தக் கோப்பு உண்மையில் அழியாது. அந்த வகையில் ஆபத்தில்லை. ஆனால் நிரல் பாதியில் ஒரு செருகுநிரலையோ தரவுக் கோப்பையோ புதிதாகத் திறந்தால் கைக்கு வருவது புதிய பதிப்பு. பழைய உடலில் புதிய கை. அங்கே கிராஷ் வரலாம். மூடித் திறந்தால் போய்விடும். நீட்ரீஸ்டார்ட் பொதி எதையெல்லாம் மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லும்.

அவர் கேட்ட இன்னொன்று: மேம்படுத்தும்போது பெயரின் கடைசியில் டி64 என்று முடியும் பொதிகள் நூற்றுக்கணக்கில் வந்தனவே, அவை என்ன? 2038-இல் 32-பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும். அதற்காக ஐ386 தவிர மற்ற 32-பிட் கட்டமைப்புகளில் நேரத்தை 64 பிட்டாக்கினார்கள், அதை ஒட்டி நூலகப் பொதிகளின் பெயரை மாற்றினார்கள். நம் 64-பிட் கணினிகளில் பெயர் மட்டும்தான் மாறியது.

2 நவம்பர்

புதிய குச்சி வந்தது. போட்டதும் முதலில் மெம்டெஸ்ட், இந்த முறை மூன்று இரவு. பிழை பூஜ்யம். எக்ஸ்எம்பியை அணைத்தே வைத்திருக்கிறேன், வேக வித்தியாசம் என் வேலையில் தெரியவில்லை.

பழைய குச்சியில் எண்ணெய்ப் பேனாவால் "கெட்டது" என்று எழுதி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

22 நவம்பர்

13.2 போன வாரம் வந்தது. வந்த அன்றே மேம்படுத்தினேன், கர்னலும் மாறியது. கோர்டம்ப் பட்டியல் இந்த மாதம் முழுக்கக் காலி. அதே மூல நிரலை ஜிசிசியில் பத்து முறை தொடர்ந்து தொகுத்தேன், பத்தும் முடிந்தது.

நீங்கள் டெம்பை வட்டுக்கு மாற்றியபின் 137 வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. முடிந்தால் 4 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபியில் உலாவியும் பெரிய கோப்பும் சேர்ந்தால் இன்னொரு நாள் தேவைப்படும்.

படங்களில் ஆகஸ்ட் வரை பார்த்து முடித்தேன். இதுவரை எல்லாம் நன்றாக இருக்கின்றன. செப்டம்பர் மீதி.